காதுகுத்து கீழே, கலைவிழா மேலே: மதுரையில் ஐந்து நாள்

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் கோவையில் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டை ஆரப்பாளையத்தில் இறங்கியதும் அவிழ்த்துப் பையில் திணித்தேன். நடப்பது மாசிதான், வெயில் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே பருத்திப்பால் வண்டி. டம்ளர் 20 ரூபாய். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவல். எங்கள் ஊரில் பருத்தி என்றால் மில்லும் நூலும்தான். 20 வருடம் ஸ்பின்னிங் மில் ஆபீசில் கணக்கு எழுதியவள் நான். அதைக் குடிக்கவும் செய்யலாம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

வந்தது அக்கா பிள்ளைக்காக. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு 24 வயது. தன்னை ஆண் என்றும் வைத்துக்கொள்வதில்லை, பெண் என்றும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டில் சொன்னபோது அழுகை, சாபம், அக்கா சாப்பிடாமல் படுத்தது எல்லாம் நடந்து முடிந்து, இப்போது ஒரு மாதிரி சமாதானத்தில் இருக்கிறோம். எனக்கு மிச்சம் இருக்கும் தகராறு தமிழோடுதான். ‘வந்தான்’ இல்லை, ‘வந்தாள்’ இல்லை. சின்னப் பிள்ளைகளைச் சொல்கிற மாதிரி ‘வந்துச்சு’ என்றால் எனக்கு வாய்க்கு வாகாக இருக்கும். ஆனால் பிள்ளை ஒருநாள் சொன்னது: “அதுன்னு மட்டும் வேண்டாம் சித்தி. ரோட்டுல எங்களைக் கேலி பண்றவங்க சொல்ற வார்த்தை.” அப்புறம் ‘அவர்’தான். மூக்குச் சிந்திவிட்டு வளர்த்த பிள்ளையை ‘வந்தார், சாப்பிட்டார்’ என்று எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

விழா, இங்கே இருக்கும் சில நண்பர்கள் கைக்காசு போட்டு நடத்துவது. பெண்கள், திருநங்கைகள், ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்திலும் அடங்காதவர்கள். இவர்களின் கலை மட்டும், மூன்று நாள். சென்னையிலிருந்து வந்த பிள்ளைக்கு அதில் ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள்.

லாட்ஜில்தான் முதல் நாள் கெட்டது. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போனிலேயே பதிவு செய்திருந்த இடம். கவுன்டரில் இருந்தவர் பிள்ளையின் ஆதாரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார். படத்தில் இரட்டைச் சடை, ரிப்பன். எதிரே நின்றது கிராப்புத் தலை, காதில் ஜிமிக்கி, சட்டை, கைலி. “இது யாரும்மா?” என்றார். அந்த ‘இது’ எனக்குச் சுருக்கென்றது. “இதெல்லாம் ஒத்துவராது, ஃபேமிலிக்குத்தான் ரூம் குடுப்போம்.” நான் சித்தி, இவங்க என் அக்கா பிள்ளை, இதைவிட ஃபேமிலி உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்று சத்தம் போட்டேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பழகியவர் மாதிரி பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முன்பணம் 500 ரூபாயும் போனது போனதுதான்.

தெருவில் நடக்கும்போது பிள்ளை சொன்னார். 2019 ஏப்ரலில் இதே ஊர் உயர் நீதிமன்றக் கிளைதான், இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் சேர்த்துத்தான் என்று தீர்ப்புச் சொன்னது. ஆண், பெண் என்று உடல் அடையாளம் பிரிக்க முடியாமல் பிறக்கும் ஊடுபாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் செய்யும் அறுவைச் சிகிச்சையைத் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்பு. அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்துவிட்டது. “தீர்ப்பு ஒத்தக்கடையில இருக்கு சித்தி, கவுன்டர் பெரியார்ல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இன்னும் டவுன் பஸ் விடல.”

இரண்டு தெரு தள்ளி வேறு ஒரு லாட்ஜ். கல்லாவில் ஒரு அம்மா. ஆதாரை வாங்கி நம்பரை எழுதிக்கொண்டார், படத்தைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. “சுடுதண்ணி காலையில ஆறுலருந்து எட்டு வரைக்குந்தேன். அப்புறம் வந்து கேக்கக் கூடாது.” அவர் கவலை எல்லாம் சுடுதண்ணி. வாடகை 1,100 ரூபாய்.

ராத்திரி பதினோரு மணிக்கு இட்லி அவிந்துகொண்டிருக்கிற ஊர் இது. இலையில் நான்கு வகைச் சட்னி, ஒன்று தீருமுன் அடுத்த கரண்டி. பரிமாறிய பையன் பிள்ளையிடம் முதலில் “என்ன வேணும்ணே?” என்றான். கொஞ்ச நேரத்தில் “இன்னும் ரெண்டு வைக்கவாக்கா?” அவனுக்கும் குழப்பமில்லை, இவருக்கும் வருத்தமில்லை. நாங்கள் எழுந்திருக்கும்போது பொதுவாக “வாங்க” என்று முடித்துவிட்டான்.

பிப்ரவரி 27, வெள்ளி

படங்களை மாட்ட வேண்டும் என்று பிள்ளை காலையிலேயே போய்விட்டார். நான் தனியாக மாசி வீதிகளில் சுற்றினேன். அனுமந்தராயன் கோயில் தெரு எங்கே என்று கேட்டதற்கு ஒரு பாத்திரக் கடைக்காரர், “எம்.எஸ். அம்மா வீட்டுக்கா?” என்று அவராகவே கேட்டு, பையனை அனுப்பித் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். 1916இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த தெரு. சின்னத் தெரு. எதிரெதிரே வந்த இரண்டு சரக்கு ஆட்டோக்கள் யார் பின்னால் போவது என்று வழக்காடிக்கொண்டிருந்தன.

அந்த ‘எம்’ மதுரை என்பது தெரியும். ‘எஸ்’ சண்முகவடிவு, அவருடைய அம்மா, வீணைக் கலைஞர். அம்மா பேரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பாடியவர் இந்தத் தெருக்காரர் என்பதை நான் 49 வயதில், ஆட்டோ ஹாரனுக்கு நடுவில் நின்றுகொண்டு யோசிக்கிறேன். என் முதலெழுத்து முதலில் அப்பா, அப்புறம் கணவர். அம்மா பேர் ரேஷன் கார்டில் இருந்தது.

அங்கிருந்து ஒரு மிட்டாய்க் கடை. வாழையிலைத் துண்டில் அல்வா, 30 ரூபாய், உள்ளங்கையைச் சுடுகிற சூட்டில். நெய் மணிக்கட்டைத் தாண்டி ஓடியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் கையில் இருந்த நாளிதழின் ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். துடைத்த பிறகு பார்த்தால் ராசிபலன் பக்கம். “போகுது, நேத்து பேப்பர்தேன்” என்றார்.

சாயங்காலம் தொடக்க விழா. காளவாசலைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. குத்துவிளக்கு ஏற்றச் சிறப்பு விருந்தினர் என்று யாரும் இல்லை. அதற்குப் பதில் கலைஞர்கள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து தங்கள் பேரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். நாற்பது பேர் பேர் சொல்லவா இவ்வளவு நேரம் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது ஆள் பேரைச் சொல்லிவிட்டுத் தொண்டை அடைத்து நின்றார். எட்டாவது ஆளும். அப்புறம் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டீ கொண்டுவந்த சமையல் அக்கா டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நின்று தன் பேரையும் சொல்லிவிட்டுத்தான் போனார். பெரிய கைத்தட்டு அவருக்குத்தான்.

அடுத்து ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். கட்டமைப்பு, கட்டுடைப்பு, வெளி, உள்வெளி. நல்ல மனுஷிதான். எனக்கு முன் வரிசையில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள், நான்காவது நானாக இருந்திருப்பேன், கொசு விடவில்லை.

கடைசியாக ஒரு இளம் திருநங்கை பரதம் ஆடினார். ஆடும் முன் மேடையிலிருந்தே நர்த்தகி நடராஜைக் கும்பிட்டார். இந்த ஊர் அனுப்பானடியில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் படித்து, 2019இல் பத்மஸ்ரீ வாங்கியவர், அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை. “அவங்க ஆடலேன்னா நான் ஆடியிருக்க மாட்டேன்” என்று ஒரே வரி. ஆட்டத்தின் நடுவில் வலதுகால் சலங்கைக் கயிறு அறுந்து மணிகள் நாலாபக்கமும் ஓடின. அவர் நிறுத்தவில்லை. இடது காலைக் கொஞ்சம் அழுத்தி மிதித்துச் சத்தத்தைச் சமன் செய்துகொண்டு முடித்தார். குழந்தைகள் மேடைக்கடியில் தவழ்ந்து மணி பொறுக்கினார்கள்.

பிப்ரவரி 28, சனி

மண்டப வாசலில் வாழைமரம். இருபதடி பிளக்ஸ். இரண்டு குழந்தைகள் சிங்காசனத்தில், பின்னால் இரண்டு சிங்கம், மேலே மீசையோடு தாய்மாமன்கள் ஆறு பேர், கீழே கும்பிட்டபடி சித்தப்பாக்கள், பெரியப்பாக்கள், நண்பர்கள் குழு. காதணி விழா. மண்டபக்காரர் மாடியை எங்களுக்கும் கீழ்த்தளத்தை அவர்களுக்கும் ஒரே நாளில் விட்டிருந்தார். “மேல வேற, கீழ வேற. உங்களுக்கு என்ன இடைஞ்சல்?” என்று கேட்டார். இடைஞ்சல் ஸ்பீக்கர் செட். மாடியில் கவிதை வாசித்த பெண், ஒவ்வொரு பாட்டும் முடியும் இடைவெளியில் இரண்டிரண்டு வரியாக வாசித்து முடித்தார். அவருடைய கவிதைக்கு அது நல்லதாகவே அமைந்தது என்பேன்.

நான் சுங்குடி மேசையில் உட்கார்ந்துவிட்டேன். சௌராஷ்டிர வீட்டுப் பாட்டி, எழுபது தாண்டியிருக்கும். வெள்ளைத் துணியில் புள்ளி குறித்திருக்கும் இடத்தை இடதுகை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு இழுப்பு. கடுகு அளவு முடிச்சு. நூல் அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது. முடிச்செல்லாம் போட்டுச் சாயத்தில் முக்கிக் காயவைத்துத் துணியை இரண்டு பக்கமும் இழுத்தால் பொரி வெடிக்கிற மாதிரி படபடவென்று அவிழும், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் நடுவில் ஊசிமுனை அளவு சாயம். அந்த நடுப்புள்ளி இருந்தால் கைமுடிச்சு, மொட்டையாக இருந்தால் அச்சு. பாட்டி பத்து முடிச்சு போடுகிற நேரத்தில் நான் போட்டது ஒன்று. அதுவும் உருவிக்கொண்டு வந்தது. “நகம் வளக்கோணும்” என்றார், என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாட்டி ஏழு வயதில் இருந்து முடிச்சு போடுகிறவர். இத்தனை வருடத்தில் ஒரு சேலையிலாவது உங்கள் பேர் வந்திருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பேர் வரும் என்றார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை, குறை என்னுடையது. விழாக்காரர்கள் மேசைமேல் ஒரு அட்டையில் அவர் பேரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். வெயில் படுகிறது என்று அதை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்.

பிள்ளையின் சுவருக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் நாற்பது வருடமாக அடித்த கல்யாணப் பத்திரிகைகளைச் சேகரித்து, வரிசையாக ஒட்டி, அதில் விட்டுப்போன பெண்களின் பேரைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார். என் பத்திரிகையும் இருந்தது. 1998. ‘இன்னாரின் குமாரத்தி, சௌபாக்கியவதி’ என்று நான் இருக்கிறேன், என்னைப் பெற்றவள் இல்லை. இப்போது அப்பா பேருக்குப் பக்கத்தில், காகிதம் கிழிந்துவிடாமல் சின்னச் சின்னத் தையலாக, அம்மா. நூலின் ஒரு முனையை வெட்டாமல் தொங்கவிட்டிருந்தார். நான் அதையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், “உன் பத்திரிகையில என்ன கண்ணு போடறது, செல்வனா செல்வியா?” என்று கேட்டுவைத்தேன். “நீங்களே சொல்லுங்க.” “செல்வம்னு போட்டுடலாம்.” சிரித்தார். செல்வம் எங்கள் பால்காரர் பேர்.

மத்தியானம் எங்களுக்குச் சொல்லியிருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வரவில்லை. வண்டி பாத்திமா கல்லூரிப் பக்கம் நிற்கிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் போனிலேயே வந்தது. இதற்குள் கீழேயிருந்து ஒரு கிழவி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தார். காது வளர்த்த அம்மா, காதில் தண்டட்டி. கீழே புழுக்கம், மேலே காற்றாடி சுற்றுகிறது என்று யாரோ சொன்னார்களாம். நேரே பிள்ளையிடம் போய், “சாமி, கொஞ்சம் அங்குட்டுத் தள்ளு. நான் ஒக்காந்துக்கிறேன்” என்றார்.

சாமி. எங்கள் ஊரிலும் ‘வா சாமி’, ‘ஏஞ்சாமி’ என்பதுதான், கண்ணு என்பதும்தான். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. காலையிலிருந்து நானே பத்து முறை ‘கண்ணு’ என்றிருப்பேன். தமிழோடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றவளுக்கு இது தோன்றவில்லை.

ஆத்தா சுவரைப் பார்த்தார். சிவப்பு என்ன என்று கேட்டார். பிள்ளை சொன்னார். “நல்ல கூத்து” என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் இடுப்பிலிருந்து நாலாக மடித்த காதணி விழாப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். அவருடைய கொள்ளுப் பேத்திக்குத்தான் கீழே காதுகுத்து. இரண்டு பக்கமும் நெருக்கி அறுபது எழுபது பேர். “இதுல எங்கனயாச்சும் நான் இருக்கேனா, வாசிச்சுச் சொல்லு.” பிள்ளை மேலிருந்து கீழே வாசித்தார். ஆத்தா இல்லை. இறந்துபோன தாத்தா ‘ஆசியுடன்’ என்று இருந்தார். உயிரோடு இருப்பவரிடம் ஆசி வாங்க மறந்துவிட்டார்கள். “பேரு சொல்லுங்க பாட்டி” என்று பிள்ளை ஊசியில் நூல் கோத்தார். மூன்றெழுத்துப் பேர். தாத்தா பேருக்குப் பக்கத்தில் தைக்கப் போனதும் ஆத்தா விரலை வைத்துத் தடுத்தார். “அங்குட்டு வேணாம். மேல தையி.” பிள்ளையார் படத்துக்குக் கீழே, எல்லாருக்கும் மேலே, தைத்து வாங்கிக்கொண்டு இறங்கினார்.

பத்து நிமிடத்தில் கீழேயிருந்து மீசை வைத்த தாய்மாமன் ஒருவர் ஏறி வந்தார். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். “ஆத்தா சொன்னுச்சு, மேல பிள்ளைக சாப்பிடாம ஒக்காந்திருக்காகன்னு. என்னங்க இது, கீழ கறிச்சோறு ஆக்கி வச்சிருக்கோம். எந்திரிங்க, எந்திரிங்க.” மாடி முழுக்க இறங்கிப் பந்தியில் உட்கார்ந்தோம். ஆட்டுக்கறிக் குழம்பு, எலும்பு ரசம், கோலா உருண்டை இலைக்கு இரண்டு. சுங்குடிப் பாட்டி மட்டும் மாடியிலேயே தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்துகொண்டார். திருநங்கைகள் நாலு பேர் உட்கார்ந்த வரிசையில் முதலில் ஒரு சின்னக் கிசுகிசுப்பு ஓடத்தான் செய்தது, இரண்டு பெண்கள் இலை மாறி உட்கார்ந்ததையும் பார்த்தேன். ரசம் வருவதற்குள் மற்றவர்கள் சேலை எங்கே எடுத்தீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா வர முடியுமா? மொய் மேசைக்குப் போனோம். நான் 500 வைத்தேன். எழுதுகிறவர் நிமிராமல், “வீட்டுக்காரர் பேரு?” என்றார். என் பேரைச் சொன்னேன். நிமிர்ந்தார், எழுதினார். அடுத்தது பிள்ளை, 101 ரூபாய். அவராகத் தேர்ந்தெடுத்த பேர், ஆதாரில் இன்னும் ஏறாத பேர். எழுதுகிறவர் எழுத்துக்கூட்டி ஒருதரம் சரிபார்த்துக்கொண்டு, நோட்டில் எழுதி, மைக்கில் அறிவித்தார். பேர், சென்னை, நூற்றியொரு ரூபாய். வாசல் குழாயில் அது தெரு வரைக்கும் கேட்டது. பிள்ளை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், விரல் பதிந்துவிட்டது. மைக்கில் அடுத்த பேர் வந்துவிட்டது. உசிலம்பட்டி, இருநூறு ரூபாய்.

எலுமிச்சைச் சாதம் நாலு மணிக்கு வந்தது.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் பறை வகுப்பு, மொட்டைமாடியில். தோல் இறுகத் தீயில் காய்ச்ச வேண்டும். மொட்டைமாடியில் தீ மூட்டக் கூடாது என்று மண்டபக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கீழே காதுகுத்துச் சமையல் அடுப்பில் சாம்பலுக்கடியில் கங்கு மிச்சம் இருந்தது, வைக்கோலைப் போட்டு ஊதி அங்கேயே காய்ச்சினோம். சொல்லிக்கொடுத்தது முப்பது வயதுப் பெண். சாவு வீட்டு மேளம் என்று சொல்லிச் சொல்லி, அடிக்கிறவர்களையே சாதி சொல்லி ஒதுக்கிவைத்த கருவி. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெண்கள் கையில் அதைத் தூக்கிக் கொடுத்த திண்டுக்கல் சக்தி கலைக்குழு அதற்கெல்லாம் எத்தனையோ வருடம் முந்தியது. வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் ஈர்க்கு மாதிரி நீளமாகச் சிம்புக்குச்சி. எனக்கு இடது கை கடைசிவரை வசப்படவில்லை. கொப்புளம் மட்டும் இரண்டு கையிலும் சமமாக வந்தது.

மத்தியானம் வெயில் 35 டிகிரி என்று போன் சொன்னது, தார்ரோடு அதைவிடக் கூடுதலாகச் சொன்னது. விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு லாட்ஜில் காற்றாடிக்குக் கீழே கிடந்தோம்.

ராத்திரி வள்ளி திருமணம், ஸ்பெஷல் நாடகமாக. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதுதான். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் ஒவ்வொன்றும் ஒரு ஊர். தனித்தனியாகத் தேதி பேசி, அன்று ராத்திரி மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. பாட்டும் பாதையும் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்தது, எதிரெதிரே நின்று வாதாடுகிற தர்க்கம் மட்டும் அவரவர் வாய்ச் சாமர்த்தியம். சுவாமிகள் 1918இல் தொடங்கிய நாடக சபையும் இந்த ஊரில்தான். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை போகும், விழாவுக்காக மூன்று மணி நேரமாகச் சுருக்கியிருந்தார்கள். எல்லா வேடமும் பெண்கள். அதொன்றும் புதுமை இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களை வைத்தே குழு நடத்தி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஒப்பனை அறைக்குள் என்னை விட்டார்கள். வள்ளியாக நடிக்கும் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். முந்தைய ராத்திரி சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் நாடகம், விடிகாலை பஸ்ஸில் வந்து இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தார். முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டே பேசினார். நாடகக்காரி என்று தெரிந்தால் வீடு கொடுக்க மாட்டார்கள், அதனால் நாடகத்துக்குக் கிளம்புகிற அன்று பூ வைத்துக்கொள்ள மாட்டாராம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் வெறும் தலைதான். பூவை ஈரத்துணியில் சுற்றிப் பையில் எடுத்துப்போய் இங்கே வந்துதான் வைப்பது. அந்தப் பையிலேயே பழைய நோட்டீஸ்கள் ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு. ஒவ்வொன்றிலும் பாஸ்போர்ட் அளவில் அவர் படம், கீழே பேர், பேருக்கு முன்னால் ‘மதுரை’. முப்பது வருட நோட்டீஸ். முகத்துக்கு வயதாகிக்கொண்டே வருவதை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிக் காட்டிச் சிரித்தார். வீட்டில் வைத்தால் வீட்டுக்கார அம்மா பார்த்துவிடுவார், அதனால் பையோடேயே அலைகிறது.

மேடையில் நாரதர் வந்த நேரத்தில் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டு ஙொய்யென்று நிற்காமல் கத்தியது. ஆர்மோனியக்காரர் பின்பாட்டை விடாமல், பெட்டியைத் திறந்து அந்த நாக்கை உருவி, ஊதி, திரும்பச் சொருகினார். நாரதர், “எந்தச் சபைக்குப் போனாலும் என்னை முந்திக்கொண்டு ஒருவர் கலகம் செய்கிறாரப்பா” என்று சமாளித்தார்.

தினைப்புனத் தர்க்கம் ஒரு மணி நேரம். வேடனாக வந்த முருகன், அதுவும் பெண்தான், ஆறடி, கம்பீரமான தொண்டை, வள்ளியிடம் பேர் என்ன, ஊர் எது, வயது என்ன என்று அடுக்கினார். வள்ளி பரண்மேலிருந்து கவணை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு: “என் பேர், ஊர், வயது மூன்றும் கேட்டீர். உம்முடையது ஒன்றும் சொன்னீரில்லையே? முன்பு வேடன் என்றீர். என் அண்ணன்மார் வந்தால் வேங்கை மரம் என்கிறீர். சற்றுப் பொறுத்தால் கிழவன் என்பீர். உம்மை நான் என்னவென்று கூப்பிட?” கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் பிள்ளையைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தார். இந்த வித்தை எப்போது கற்றாரோ.

மார்ச் 2, திங்கள்

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். பிள்ளை கேட்டதால் எதிர்த்திசையில் மானாமதுரைக்குப் பஸ் ஏறினோம். கடம் செய்கிற ஊர். இங்கே கடம் செய்ததற்காக மீனாட்சி கேசவன் என்ற அம்மாவுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கொடுத்திருக்கிறார்கள். மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது.

குயவர் தெருவில் ஒரு வீட்டு வாசல். ஆண் சக்கரத்தில் வனைந்து வைத்த பானையை, பாதி ஈரத்தில் பெண் எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறார். உள்ளே இடது கையில் உருண்டைக் கல், வெளியே வலது கையில் மரப்பலகை. தட்டத் தட்ட மண் இறுகிச் சுவர் ஒரே கனத்துக்கு வருகிறது. பலகை ஒரே தாளத்தில் விழுந்துகொண்டே இருந்தது, பானை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியது. அவர் பானையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கை நின்றது. அந்த இடத்தை மறுபடி தட்டினார். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். “இங்கன கொஞ்சம் தடிப்பு” என்று ஐந்தாறு தட்டுக் கூடுதலாகப் போட்டுவிட்டு நகர்ந்தார். தட்டிச் சுருதி கூட்டுகிற வேலை இப்படி வீட்டுப் பெண்கள் மடியில் நடக்க, மேடையில் ஒரு பெண் கடம் வாசிக்கச் சுகன்யா ராம்கோபால் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாசிக்கத் தெரியுமா என்று பிள்ளை கேட்டார். “நாங்க எங்க வாசிக்க? தட்டுறதோட சரி” என்றார். தட்டுவதும் நிற்கவில்லை.

கடம் வாங்கி நான் என்ன செய்ய. குழாய் வைத்த தண்ணிப்பானை ஒன்று 350 சொன்னார், பேரம் பேசாமல் வாங்கினேன். வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டிக்கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். பானை மடியில். கண்டக்டர் லக்கேஜ் போடலாமா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, மடியில்தானே இருக்கிறது என்று போய்விட்டார். திருப்புவனத்தில் ஏறிய ஒரு அம்மா பக்கத்து இடத்தில் நெருக்கி உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். அப்புறம் என்னைக் கேட்காமல் சாக்கை விலக்கி, மடக்கிய விரலால் பானையை மூன்று இடத்தில் தட்டி, காது கொடுத்துக் கேட்டார்.

“எம்புட்டு?”

“350.”

“விரிசல் இல்ல” என்று சாக்கைப் பழையபடி மூடிவிட்டு, சன்னல் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைக் காட்டி, “சாமிக்கு வெயில் அடிக்குது பாருங்க. அந்த ஸ்கிரீனை இழுத்துவிடுங்க” என்றார்.